ஏழாம் தலைமுறையை ஏன் கழற்றிவிட்டார்கள்?

ரங்கூனில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போனால் ராம் (நினைவகம்) எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் இன்டெல் பிராசஸர் எண்ணைப் பாருங்கள்; கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கம்தான் இங்கே தலைமுறை. ஐ5-8250யூ என்றால் விண்டோஸ் 11 ஏறும். ஐ5-7200யூ மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை. இரண்டும் வெளிவந்ததற்கு நடுவே ஒரே வருஷம்தான்.

பழைய சில்லுக்கு வேகம் போதாது என்பது பாதிக் கதை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வசதி) கூட ஏழாம் தலைமுறையில் பெரும்பாலும் உண்டு. முடிச்சு டிரைவரில், அதாவது ஒவ்வொரு சில்லையும் விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளில் இருக்கிறது. வைஃபை ஒருவர், ஆடியோ ஒருவர், கைரேகை சென்சார் இன்னொருவர் என்று பல கம்பெனிச் சில்லுகள் சேர்ந்ததுதான் ஒரு லேப்டாப். விண்டோஸின் உள்ளமைப்பு மாறினால் அத்தனை பேரும் டிரைவரைத் திருத்த வேண்டும். லேப்டாப் கம்பெனி மாடல் மாடலாகச் சோதிக்க வேண்டும். காசு வந்தது விற்ற அன்றைக்கு மட்டும். ஒருவர் கையை விரித்தாலும் அந்த மாடல் அம்போ.

ஏழாம் தலைமுறை லேப்டாப் சில்லுகளில் ஐ7-7820எச்க்யூவுக்கு மட்டும் 2021இல் விலக்கு கிடைத்தது, அதுவும் புதிய முறை டிரைவரோடு வந்த கருவிகளுக்குத்தான். அதில் ஒன்று சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2. செய்து விற்றது யார்? மைக்ரோசாஃப்ட்டேதான்!

டிரைவர் நியாயம் சரி. பாதுகாப்புத் திருத்தத்தை நிறுத்துவதற்கு அது பொருந்தாது. விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவுக்கு 2025 அக்டோபர் 14உடன் கதவைச் சாத்தினார்கள். ஆனால் தொழில்துறைக் கருவிகளுக்கான அதன் நீண்டகாலப் பதிப்பான ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021க்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. திருத்தம் எழுதத்தான் செய்கிறார்கள், எல்லாருக்கும் கொடுப்பதில்லை.

எட்டாம் தலைமுறை இருந்தும் 'தகுதியில்லை' என்று வந்தால், பெரும்பாலும் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையில்) டிபிஎம் வேலையைச் செய்யும் இன்டெல் பிடிடி அணைந்திருக்கும். ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம். அங்கே கை வைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். மறந்தால் அடுத்த முறை லேப்டாப்பைப் போடும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம்; அது இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது போனதுதான். பயாஸ் அப்டேட்டுக்குப் பேட்டரி நல்ல நிலையில் இருப்பது அவசியம். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.

"விண்டோஸ் 7 போட்டுத் தருகிறேன், பறக்கும்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அதற்கான கடைசி குரோம் பிரவுசர் பதிப்பு 109தான். பர்மிய யூனிகோட் எழுத்துரு விண்டோஸ் 8இல்தான் கூடவே வந்தது. 2019 அக்டோபரில் நாடு அதிகாரபூர்வமாக ஜாஜி என்ற பழைய எழுத்துரு முறையை விட்டு யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது.

7200யூவுக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம் போடலாம்: 4 ஜிபி ராம் போதும், 2029 வரை திருத்தம் வரும். பர்மிய விசைப்பலகை கூடவே இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் பொதியையும் நிறுவி, ஒருமுறை லாக் அவுட் ஆகி வாருங்கள். இல்லாவிட்டால் ஐபஸ் பட்டியலில் அது தெரியாமல் போகலாம்.