லில்லிக்கு ராக்கெட் பைத்தியம், எனக்கு லில்லி பைத்தியம்

ரெண்டு பொம்பிளப் பிள்ளைகள் லவ் பண்ணுற கதை எண்டாலே கடைசியில ஒருத்தி செத்துப் போவாள், இல்லாட்டி ஒருத்திக்கு வீட்டில கலியாணம் கட்டி வைக்க மற்றவள் அதே கலியாண வீட்டில நிண்டு சோறு பரிமாறுவாள், இவ்வளவு காலமும் நான் பார்த்ததும் வாசிச்சதும் அப்பிடித்தான். அதால கொழும்பில இருக்கிற மச்சாள் மலிண்டா லோ எழுதின 'லாஸ்ட் நைட் அட் த டெலிகிராஃப் கிளப்' நாவலை கிண்டில்ல வாங்கித் தந்து "வாசிகா, வாசிச்சிட்டு வந்து கதை" எண்டு சொன்ன நேரம் எனக்குப் பெரிய ஆசை ஒண்டும் வரல்ல. இவங்கள் ரெண்டு பேரும் சாகல்ல எண்டு மட்டும் இப்பவே சொல்லி வைக்கிறன், முடிவைப்பத்தி வேற ஒண்டும் என்னட்டக் கேக்கப்படாது.

1954, சான் பிரான்சிஸ்கோ, சைனாடவுன். லில்லி ஹூவுக்கு பதினேழு வயசு, அப்பா டொக்டர், ரெண்டு தம்பிமார், வீட்டில மூத்த பிள்ளை, அதோட மூத்த பொம்பிளப் பிள்ளை, அது என்ன பாடு எண்டு எங்கட பக்கத்து ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்ல. கணக்கில கெட்டிக்காரி. ராக்கெட், சந்திரன், செவ்வாய் எண்டு எந்த நேரமும் மேல பார்த்துக்கொண்டு இருக்கிற பிள்ளை. அவளிட மாமி ஜூடி பசடீனாவில ஜேபிஎல் ஆய்வுகூடத்தில ராக்கெட்டுக்குக் கணக்குப் போடுற வேலை, அந்தக் காலத்தில அதையெல்லாம் அங்க பொம்பிளையள்தான் இருந்து போட்டிருக்காங்க. லில்லி வாசிக்கிறது ஆதர் சி. கிளார்க்கின்ர விண்வெளிப் புத்தகம், 1951ல வந்தது. நான் அந்த இடத்தில சிரிச்சிட்டன். ஏனெண்டா லில்லிட கதை முடிஞ்ச கையோட, 1956ல, அந்த மனிசன் இலங்கைக்கு வந்து பிறகு சாகுமட்டும் இங்கதான் இருந்தவர், திருகோணமலைக் கடலுக்குள்ள சுழியோடி கோணேசர் கோயிலிட உடைஞ்ச தூண்களைக் கண்டதும் அவரும் அவரிட கூட்டாளியும்தான். சைனாடவுன் பிள்ளை ஒண்டு ராவில படுத்துக்கொண்டு வாசிச்ச எழுத்துக்காரர் எங்கட கிழக்குக் கடலுக்குள்ள சுழியோடியிருக்கார் எண்டுறது நாவலுக்குச் சம்பந்தமில்லாத விசயம்தான், ஆனா எனக்கு அதுக்குப் பிறகு லில்லி பக்கத்து வளவுப் பிள்ளை மாதிரி ஆகிட்டாள்.

அந்தப் புத்தகத்துக்குள்ளதான் அவள் ஒரு பேப்பர் துண்டை ஒளிச்சு வைச்சிருக்காள். பொம்பிளையளை விரும்புற பொம்பிளையள் ராவில கூடுற டெலிகிராஃப் கிளப்பில டொமி அண்ட்ரூஸ் பாடுறா எண்டு ஒரு விளம்பரம். டொமி ஒரு பொம்பிள, ஆம்பிளை மாதிரி கோட் சூட் போட்டு, முடி வாரி, மேடையில ஏறிப் பாடுறவ. லில்லி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாள், ஏன் பார்க்கிறாள் எண்டு அவளுக்கே தெரியாது, எங்களுக்குத் தெரியும், அதுதான் சுகம். ஒரு நாள் அது கீழ விழ, கணக்கு வகுப்பில கூடப் படிக்கிற கேத் எடுத்துக் குடுத்து, நான் அங்க போயிருக்கிறன் எண்டு சொல்லுறாள். இவ்வளவுதான். இதுக்குப் பிறகு ஒருத்தியிட கை மற்றவளிட கையில படுறதுக்கே எத்தினையோ பக்கம் போகுது. பஸ்ஸில பக்கத்தில இருக்கிறது, பின்னேரம் ஒண்டா நடந்து வாறது, நாளைக்கும் வருவாளா எண்டு யோசிக்கிறது, கேத்துக்கு பிளேன் ஓட்ட ஆசை இவளுக்கு ராக்கெட்டில ஆசை எண்டு ரெண்டும் மேல போற விசயத்தையே கதைச்சுக் கதைச்சு கீழ என்ன நடக்குது எண்டதைப் பார்க்காமலே இருக்கிறது. முதல் காதல்ல உண்மையா நடக்கிறதில முக்கால்வாசி இதுதானே, முத்தமெல்லாம் பிறகுதான். சில ஆக்கள் நாவல் ஸ்லோ எண்டு ரிவியூ எழுதியிருக்காங்க. அவங்களுக்கு பள்ளிக்கூடத்தில ஒருத்தரிலயும் கண் போகல்ல போல.

டொமி மேடையில ஏறுற இடத்தை வாசிக்கக்குள்ள எனக்கு ஞாபகம் வந்தது எங்கட கூத்து. மட்டக்களப்பில காலங்காலமா கூத்தில ஆம்பிளையள்தான் பொம்பிள வேசம் கட்டுறது, வடமோடி எண்டாலும் சரி தென்மோடி எண்டாலும் சரி, சீலை உடுத்து மாலை போட்டு விடிய விடிய களரியில ஆடினா ஊரே இருந்து பார்த்து வடிவா ஆடினான் எண்டு புகழும், அடுத்த நாள் அதே ஆள் சாரத்தைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போவார். ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்ல. பொம்பிள ஆம்பிளை உடுப்பைப் போட்டா மட்டும் ஏன் எல்லாருக்கும் வேர்க்குது? இப்ப எங்கட பொம்பிளப் பிள்ளைகளும் கூத்தாடுறாங்க, சந்தோசம்தான். ஆனா லில்லி டொமியைப் பார்க்கிற மாதிரி ஒரு பிள்ளை களரி ஓரத்தில இருந்து பார்த்துக்கொண்டிருந்தா எண்டு யாராவது எங்கட ஊரை வைச்சு ஒரு கதை எழுதினா முதல் காசு குடுத்து வாங்குற ஆள் நான்தான்.

இது வெறும் லவ் ஸ்டோரி எண்டு நினைச்சு எடுத்தா ஏமாறுவீங்க, இதுக்குள்ள வேற ஒரு பயம் ஓடுது. அது மெக்கார்த்தி காலம், எல்லாரையும் கம்யூனிஸ்ட் எண்டு பிடிக்கிற நேரம், சீனாவில 1949ல மாவோ ஆட்சிக்கு வந்ததால சீன ஆக்களில கூடுதல் சந்தேகம். சீனர் உள்ள வரப்படாது எண்டு 1882ல போட்ட சட்டத்தை 1943லதான் எடுத்தவங்க, அதால சைனாடவுன்ல இருக்கிற பாதிப் பேருக்குப் பேப்பர் பயம். லில்லிட அப்பாவை விசாரிக்க வந்த அதிகாரிகள் ஒரு பொடியனைக் கம்யூனிஸ்ட் எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்ல, அவர் மாட்டன் எண்டுறார், அவரிட குடியுரிமைப் பேப்பரை எடுத்துக்கொண்டு போறாங்க. இத வாசிக்கக்குள்ள அமெரிக்காக்காரப் பிள்ளைக்கு இது வரலாறு. சண்டைக் காலத்தில அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு ஆமிச் சென்ரியில வரிசையா நிண்டு வீடு வந்து சேர்ந்த அம்மா அப்பாவுக்குப் பிறந்த எனக்கு அப்பிடி இல்ல.

எனக்குப் பிடிச்ச விசயம் இதிலதான் இருக்கு. இந்த மாதிரிக் கதையில வழமையா தாய்தகப்பன் வில்லனா வருவாங்க, ஊர் என்ன சொல்லும், மானம் போச்சு, அவ்வளவுதான் காரணம். இங்க லில்லிட அம்மா பொல்லாதவ இல்ல, பயந்துபோன ஒரு மனிசி. அரசாங்கம் ஏற்கனவே உங்களைச் சந்தேகமாப் பார்க்குது, அப்ப பிள்ளை ராவில கிளப்புக்குப் போய்ப் பிடிபட்டா போறது மானம் மட்டுமில்ல, முழுக் குடும்பமும்தான். நல்ல பிள்ளையா இரி எண்டு சொல்லுறதுக்குப் பின்னால எவ்வளவு கிடக்கு எண்டு அவ்வளவு விளக்கமா நான் வேற எங்கயும் வாசிக்கல்ல. அதுக்காக அந்த அம்மா சொல்லுற வார்த்தையளை மன்னிச்சிட்டன் எண்டில்ல. ஒரு இடத்தில போனைத் தூக்கிக் கட்டிலில போட்டிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊத்தினனான்.

சைனாடவுன் கூட எங்கட டவுன் மாதிரித்தான், ஒரு தெரு முனையில ஒருத்தியோட நிண்டா வீட்டுக்குப் போகமுன்னம் செய்தி போய்ச் சேர்ந்திடும். கல்லடிப் பாலத்தில பின்னேரம் காத்து வாங்க ரெண்டு பொம்பிளப் பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு நடந்தா இங்க ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்ல, அது கூட்டாளி எண்டு விட்டுடுவாங்க, அந்த வசதி லில்லிக்கும் கேத்துக்கும் இருந்தது. பிரச்சினை எங்க தொடங்குது எண்டா, சரியான ஆள் சரியான நேரத்தில வடிவாப் பார்த்தாத்தான்.

கதையில கிளப்புக்குள்ள பொலிஸ் புகுந்து பிடிக்கிறது முழுக் கற்பனை இல்ல. அந்த வருசம் செப்டம்பர்ல சான் பிரான்சிஸ்கோவில டொமீஸ் பிளேஸ் எண்டுற பார்ல உண்மையாவே பொலிஸ் இறங்கினது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கெடுக்கிறாங்க எண்டு பேப்பர்காரர் எழுதித் தள்ளினவங்க. அடுத்த வருசமே, 1955ல, அதே ஊர்ல டோட்டர்ஸ் ஒஃப் பிலிட்டிஸ் எண்டு லெஸ்பியன் பொம்பிளையளுக்கான அமெரிக்காவிட முதல் சங்கம் தொடங்கியிருக்காங்க. 2021ல இந்த நாவலுக்கு அங்க நேஷனல் புக் அவார்ட் கிடைச்சது. எங்கட பக்கம் வெள்ளைக்காரன் 1883ல எழுதின தண்டனைச் சட்டக்கோவையில ஒரே பாலார் உறவைக் குற்றமாக்குற 365ஏ பிரிவு இன்னும் கிடக்கு, முந்தி ஆம்பிளையளை மட்டும் சொன்னதை 1995ல திருத்தக்குள்ள பொம்பிளையளையும் சேர்த்துவிட்டாங்க, சமத்துவம் பாருங்க! 2023 மே மாசம் உயர் நீதிமன்றம் இதை மாத்துற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்ல எண்டு சொன்னது, எண்டாலும் சட்டம் இருந்த இடத்திலதான் இருக்கு.

குறை இல்லாம இல்ல. இடைக்கிடை அம்மா, அப்பா, மாமி எண்டு அவங்கட பழைய காலத்துக்குப் போற அத்தியாயங்கள் வருது, ஒவ்வொண்டும் நல்லாத்தான் இருக்கு, ஆனா சரியா கிளப் கதவு திறக்கிற நேரம் பார்த்து என்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனா கோவம் வராதா. கேத் வீட்டைப்பத்தியும் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம், லில்லிட வீட்டுச் சாப்பாடு வரைக்கும் தெரியிற எங்களுக்கு கேத்திட வீட்டைப்பத்திக் கொஞ்சந்தான் தெரியுது. மற்றது ஷேர்லி. லில்லிட சின்ன வயசுக் கூட்டாளி, ரெஸ்டோரண்ட் வீட்டுப் பிள்ளை, எல்லாத்தையும் தான் சொன்னபடி நடத்தப் பார்க்கிறவள். எனக்கு அவளில சரியான எரிச்சல், ஏனெண்டா அவள் மாதிரி ஒருத்தி எனக்கும் இருந்தவள், நான் யாரோட கதைக்கலாம் எண்டு முடிவெடுக்கிறது அவள்தான்.

வாசிச்சு முடிச்சிட்டு மச்சாளுக்குக் கோல் எடுத்தன். அவ ஷேர்லிதான் பாவம் எண்டு சண்டைக்கு வந்திட்டா, லில்லி அவளை விட்டிட்டுப் போனது சரியில்லயாம், சின்ன வயசில இருந்து பழகினவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமாம். சொல்லியிருந்தா அவள் அடுத்த நிமிசமே தாய்க்காரியிட்டப் போய்ச் சொல்லியிருப்பாள் எண்டு நான், இல்லவே இல்லையெண்டு அவ. ரீலோட் முடிஞ்சு கோல் கட்டாயிட்டு, வட்ஸ்அப்பில இன்னும் அடிபட்டுக்கொண்டுதான் இருக்கம்.