மெஷின் வாங்கும் முன் காலைப் பாருங்கள்

தண்டுவடம் அடிபட்டு ஆறு வாரம் ஆவதற்குள் தொடை கண்ணுக்குத் தெரியும்படி வற்றிவிடும். வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோய் ஆன்லைனில் கரண்ட் மெஷின் தேடுவார்கள். வந்து சேர்வது பெரும்பாலும் டென்ஸ். அது வலி குறைக்கும் கருவி, தசை வளர்க்கப் பயன்படாது. தசைக்கென்றே செய்த மின்தூண்டல் கருவியை வாங்கினாலும் எல்லாக் காலிலும் அது வேலை செய்துவிடாது. மெலிவதில் இரண்டு வகை உண்டு என்பதை யாரும் சொல்லாமலே பணம் செலவாகிவிடுகிறது.

கழுத்திலோ நடுமுதுகிலோ அடிபட்டால் மூளையின் கட்டளை கீழே இறங்காது. ஆனால் காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடமும் அங்கிருந்து காலுக்குப் போகும் நரம்பும் உயிரோடு இருக்கும். வேலை இல்லாமல் தசை மெலிகிறது, அவ்வளவுதான். தண்டுவடம் கீழ்முதுகின் தொடக்கத்திலுள்ள எல்1, எல்2 முள்ளெலும்புகளுக்கு அருகே முடிந்து, குதிரைவால் போல நரம்புக் கற்றையாகப் பிரிகிறது. அந்த இடம் நசுங்கினால் காலுக்குப் போகும் நரம்பே அறுந்த மாதிரி. தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுபவர்களுக்கு அடிக்கடி நொறுங்குவது நடுமுதுகின் கடைசி முள்ளெலும்பான டி12-உம் எல்1-உம் சேரும் அந்தச் சந்திப்புதான். அதனால் நம்மூரில் இந்த இரண்டாம் வகையை அபூர்வம் என்று ஒதுக்க முடியாது.

முதல் வகைக் கால் நாளாக ஆக விறைக்கும். போர்வையை இழுத்தாலே உதறும். பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் தடதடவென்று ஆடும். இரண்டாம் வகைக் கால் ஈரத்துணி போலத் தொங்கும், முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினாலும் அசையாது. ஆனால் அடிபட்ட முதல் சில வாரங்கள் எல்லாக் கால்களும் தளர்ந்துதான் கிடக்கும். அந்தச் சமயத்தில் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. ஒரே ஆளிடம் இரண்டும் கலந்தும் வரும். சந்தேகம் இருந்தால் நரம்புக் கடத்தல் சோதனையும், தசையின் மின் செயல்பாட்டைப் பதியும் இ.எம்.ஜி.யும் எடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விறைத்த காலுக்கு மின்தூண்டல் நன்றாகவே உதவும். தொடையின் முன்தசைதான் தொடங்க ஏற்ற இடம். கட்டில் விளிம்பிலோ வீல்சேரிலோ முழங்கால் 90 டிகிரியில் தொங்கும்படி உட்காரவைத்து, இடுப்புக்கு பெல்ட் போடுங்கள். இல்லையென்றால் கால் நீளும்போது ஆள் முன்னால் சரிவார். பெரிய ஜெல் பேட் இரண்டு வேண்டும், ஏறத்தாழ உள்ளங்கை அளவு. ஒன்று முழங்கால் சில்லுக்கு 2-3 செ.மீ. மேலே, உட்பக்கமாக. மற்றது தொடையின் மேல்பகுதியில், வெளிப்பக்கமாக. அதிர்வெண் 30 முதல் 35 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம், அதாவது ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம், 450 மைக்ரோசெகண்டு. சின்னக் கருவிகள் பல 300-க்கு மேல் போகாது. அப்போது மில்லிஆம்பியரைக் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கும். கரண்டை மெதுவாக ஏற்றி, கால் முழுதாக நீளும் இடத்தில் நிறுத்துங்கள். ஐந்து விநாடி தூண்டல், ஐந்து விநாடி ஓய்வு.

முதல் வாரம் எடை இல்லாமல் 10 தடவை, இரண்டு செட் போதும். பல மாதம் அசையாத தசை எளிதில் கிழிபடும், உணர்ச்சி இல்லாததால் வலி எச்சரிக்காது. மறுநாள் தொடை வீங்கினாலோ சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பழகியதும் நான்கு செட், செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிட இடைவெளி, வாரம் இரண்டு நாள். நாற்பது தடவையும் கால் முழுதாக நீண்டால், அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளும் அப்படியே செய்தால், கணுக்காலில் அரைக் கிலோ அல்லது ஒரு கிலோ மணல் பை கட்டலாம். இதை அப்படியே விடாமல் செய்த சிறு ஆய்வுகளில் 12 வாரத்தில் தொடைத்தசையின் குறுக்குப் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் எடையே இல்லாமல் துடிக்கவிடுவதை விட இந்தக் குறைந்த நேர, எடை ஏற்றும் முறைதான் தசை வளர நல்லது. நிறுத்தினால் தசை திரும்பவும் வற்றும். மூளையின் கட்டளையை இது மீட்டுத் தராது என்பதையும் அடிபட்டவருக்கு மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாறு தடவையிலேயே கால் சோர்ந்து தொங்கும். கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். நாமாகக் காலை நீட்டும்போது உடல் தசைநார்களை முறை வைத்து வேலை வாங்குகிறது. கரண்ட் ஒரே நார்களை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப அடிக்கிறது. போதாக்குறைக்கு, காயத்துக்குப் பின் தசைநார்களே சீக்கிரம் களைக்கும் வகைக்கு மாறிவிடுகின்றன. அதிர்வெண்ணை 50, 60 என்று ஏற்றினால் களைப்பு இன்னும் விரைவில் வரும். இன்னொரு தவறு, காய்ந்த பேட். ஓரம் தூக்கிக்கொண்ட பேடில் கரண்ட் முழுதும் ஒட்டியிருக்கும் சிறு இடத்தில் குவிந்து தோலைச் சுடும். அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பேடை எடுத்ததும் தோலைப் பாருங்கள்.

பேஸ்மேக்கர் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலும் மின்தூண்டலைத் தொடாதீர்கள். அப்படி வீங்கினால், அடிபட்ட முதல் மூன்று மாதத்தில் ரத்தக்கட்டி என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தசையோடு எலும்பும் கரைகிறது. முழங்காலைச் சுற்றியுள்ள எலும்புக்குத்தான் அடி அதிகம். அடிபட்டு ஓரிரு வருடம் கடந்தவருக்கு எலும்பு அடர்த்தி பார்க்காமல் எடை ஏற்றுவதையும், விறைத்த முழங்காலைப் பலத்தோடு மடக்குவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது கால் முறுக்கிக்கொண்டாலே எலும்பு முறிந்துவிடலாம். வலி தெரியாது. முழங்கால் வீங்குவதும், வழக்கத்தை விட உதறல் கூடுவதும், காரணமில்லாமல் வியர்ப்பதும்தான் அடையாளம்.

தளர்ந்த காலுக்கு மேலே சொன்ன கருவி பயன்படாது. நரம்பு வழியாகத்தான் அந்தக் குறுகிய துடிப்பு தசையை எழுப்புகிறது. நரம்பே இல்லையென்றால் தசைநாரை நேராகத் தூண்ட வேண்டும், அதற்கு 120 முதல் 150 மில்லிசெகண்டு அகலத் துடிப்பு தேவை, அதாவது 450 மைக்ரோசெகண்டைப் போல 250 மடங்குக்கும் மேல். வியன்னாவில் ஹெல்முட் கெர்ன் குழுவினர் தொடையையே மூடும் பெரிய எலக்ட்ரோடு வைத்து, வீட்டிலேயே செய்யும் முறையைப் பல வருடம் நடத்திக் காட்டினார்கள். தசை கொழுப்பாகவும் நாராகவும் மாறுவதற்குள் தொடங்க வேண்டும். அந்தக் கருவி கைக்கு எட்டாதவர்கள் சாதாரண மெஷினில் கரண்டை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. தோல்தான் வேகும். மூட்டுகளை அசைத்து விடுவதிலும், படுக்கைப்புண் வராமல் காப்பதிலும், காலைத் தாங்கும் கேலிப்பர் போட்டு நிற்பதிலும் அந்த நேரத்தைப் போடலாம்.

ஓரளவு அசைவு மிஞ்சியிருப்பவருக்கு மெஷினை விட அவருடைய சொந்த முயற்சிதான் மருந்து. புவியீர்ப்பை எதிர்த்துக் காலைத் தூக்க முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பளபளப்பான பலகையில் டால்கம் பவுடர் தூவி, காலை அதன் மேல் வழுக்கி மடக்கி நீட்டச் சொல்லுங்கள். அது எளிதானதும் பலகையின் ஒரு முனையைச் சிறிது உயர்த்துங்கள். எழுந்து நிற்பதற்கு உயரமான இருக்கையில் தொடங்கி வாரம் சில செ.மீ. தாழ்த்துங்கள்.

காலைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதற்குள் தோள் தேய்ந்துவிடுகிறது. வீல்சேர் தள்ளுவதும் உடலைத் தூக்கி மாறுவதும் முன்பக்கத் தசையை மட்டும் வளர்க்கும். ஆகவே தள்ளும் பயிற்சி ஒன்றுக்கு இழுக்கும் பயிற்சி இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கக் கையை வெளிப்பக்கம் திருப்புவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் கிள்ளுவது போல இழுப்பது, இவை முக்கியம். அசைவுள்ள ஒவ்வொரு பெரிய தசைக்கும் மூன்று செட், வாரம் இரண்டு நாள், அத்துடன் மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி 20 நிமிடம் வாரம் இரண்டு நாள் என்பது 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலின் குறைந்தபட்ச அளவு.

கழுத்தில் சி6 மட்டத்தில் காயம் உள்ளவருக்கு ஒரு தனி எச்சரிக்கை. மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தாமாக மடங்கி டம்ளரைப் பிடிக்கும். அந்தப் பிடி, விரல் தசைநாண்களின் இறுக்கத்தால் கிடைப்பது. பாசத்தோடு மணிக்கட்டையும் விரல்களையும் ஒன்றாக நீட்டி நீவிவிடுபவர்கள் அந்தப் பிடியையே கெடுத்துவிடுகிறார்கள். விரலை நீட்டும்போது மணிக்கட்டு மடங்கியிருக்கட்டும்.

நடுமுதுகின் டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குப் பயிற்சியின் நடுவே தலை வெடிப்பது போல வலித்து, முகம் சிவந்து, காயத்துக்கு மேலே மட்டும் வியர்த்தால், ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள். படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, மூத்திரக் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இவர்களுடைய வழக்கமான மேல் ரத்த அழுத்தம் 90-110 தான். அதனால் 140 என்று கருவி காட்டும்போது, "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று விட்டுவிடாமல், குறையவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவருடைய வழக்கமான அளவை இப்போதே பலமுறை எடுத்து ஒரு சீட்டில் எழுதி வீல்சேரிலேயே வைத்துவிடுங்கள். கேஷுவாலிட்டியில் இருப்பவர்களுக்கு அந்தச் சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும்.