முகப்பில் புலி வேண்டாம்

காரைக்குடியில் இணையதளம் செய்து பிழைப்பவனுக்கு வரும் வேலைகள் பெரும்பாலும் ஒரே தினுசு. பாட்டன் வீட்டை ஓட்டலாக்கியவர்கள், ஆத்தங்குடித் தரைக்கல் விற்பவர்கள், பலகாரக்காரர்கள். அதனால் ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை தன் பழைய தளத்தைப் புதுப்பிக்கக் கூப்பிட்டபோது, கூலி குறைவு என்று தெரிந்தும் உடனே தலையாட்டிவிட்டேன்.

அவர்கள் அலுவலகம் ஒரு பெரிய வீட்டின் பட்டாலைக் கூடம். செயலாளர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "தம்பி, முதல் பக்கத்துல ஒரு புலி நிக்கணும். பாத்தாலே மனசுல ஒட்டிக்கிரணும்."

"சார், நம்ம பக்கம் புலிக்கு எங்க போறது?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் இவர்கள் நிஜமாகச் செய்கிற வேலையே வேறு. கிணற்றில் விழுந்த மயில், வேலி வலையில் சிக்கிய சாரை, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் குஞ்சு பொரித்த கூகை ஆந்தை. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது தளத்திலிருந்து அல்ல, தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கோடு போட்ட நோட்டிலிருந்து. வருகிற ஒவ்வொரு அழைப்பையும் அதில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு நாள் அதை மட்டுமே படித்தேன். பழைய தளத்தில் 'மறுவாழ்வுப் பணிகள்' என்று ஒரு தலைப்பு இருந்தது. நோட்டில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. 'குஞ்சு கீழ விழுந்துருச்சு', 'வளவுல பாம்பு', 'சாக்குருவி வந்து உக்காந்துருக்கு'. அப்படியே எடுத்துத் தலைப்புகளாக்கினேன்.

முதல் இரண்டுக்கும் சரி என்றவர் மூன்றாவதில் நின்றுவிட்டார். "அந்தப் பேரை ஒழிக்கத்தான் இத்தனை வருஷமாக் கத்திக்கிட்டு இருக்கேன். நீங்க அதையே கொட்டை எழுத்துல போடுறீங்க." அவர் கோபம் நியாயம்தான். சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடுகள் இங்கே ஏராளம். திறந்ததும் உத்தரத்தில் வெள்ளை முகம் தெரிந்தால், கல்யாண வீட்டில் சாவுக் குறி என்று பதறுகிறார்கள். ஆனால் பதறுகிறவர் கைப்பேசியில் 'கூகை' என்று தேட மாட்டாரே. கடைசியில் தலைப்பில் அவர்கள் சொல், முதல் வரியில் சாருடைய சொல்: 'இதன் பெயர் கூகை. உங்கள் வீட்டு எலிகளைத் தின்ன வந்தது.' அடுத்த வரியும் அவர் சொன்னதுதான். கூகை முட்டைகளை ஒரே நாளில் இடுவதில்லை, நாள் விட்டு இடும். அதனால் கூட்டில் ஒரு குஞ்சு பெரிதாகவும் இன்னொன்று சுண்டெலி மாதிரியும் இருக்கும். சிறியது நோஞ்சான் என்று நினைத்துத் தனியே எடுத்து வளர்க்கக் கூடாது.

பழைய கட்டுரைகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவை. கைப்பேசியில் கிறுக்கலாகத் தெரிந்தன. மாற்றிமுடிக்க மூன்று வாரம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, கழுத்துவலியைத் தவிர.

நன்கொடைப் படிவம்தான் நான் எதிர்பாராத இடத்தில் கடித்தது. 'எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?' என்று கேட்டு வைத்திருந்தேன். கணக்கர் தலையில் அடித்துக்கொண்டார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தெருவில் இருக்கும் மலேசியக் குடியுரிமைக்காரர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க மத்திய உள்துறையின் அனுமதி வேண்டும். பணமும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு டில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். செட்டிநாட்டில் இது ஏட்டுச் சட்டமில்லை. ஒரே பங்காளிகளுக்குள் நாலு பாஸ்போர்ட் இருக்கும். கேள்வியை மாற்றினேன்: 'எந்த நாட்டுக் குடிமகன்?'

இனி என் தப்பு. எங்கே எதைப் பார்த்தார்கள் என்று புள்ளி வைத்துக் காட்டும் வரைபடம் ஒன்றை, யாரும் கேட்காமலே, ஆசையாகச் செய்திருந்தேன். சோதனைப் பதிப்பை ஒரு களப்பணியாளப் பையன் பார்த்தான். நட்சத்திர ஆமைப் படத்தைத் தன் கைப்பேசியில் இறக்கி, விவரத்தைத் தட்டி, என் முன்னால் நீட்டினான். அட்சரேகை, தீர்க்கரேகை, படம் எடுத்த நிமிடம். "அண்ணே, இதை வச்சு நேராப் போயி சாக்குல அள்ளிறலாம்." கடத்தல் தாங்காமல்தான் 2019இல் உலக வணிகத் தடைப் பட்டியலின் முதல் வரிசைக்கு அந்த ஆமையை ஏற்றினார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான். புள்ளியை அழித்தால் போதும் என்று நினைத்திருந்த எனக்கு, படத்துக்குள்ளேயே முகவரி ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமலில்லை, தோன்றவில்லை. அன்று ராத்திரியே எல்லாப் படங்களிலிருந்தும் அதை உரித்தெடுத்தேன். வரைபடத்தையும் எடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு புள்ளி மிஞ்சியது: வேட்டங்குடி. 1977லிருந்து பறவைகள் சரணாலயம், ஊருக்கே தெரிந்த இடம். கண்மாய் மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும் என்று அங்கிருக்கும் கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அங்கே காவலுக்கு ஓர் ஊரே இருக்கிறது. ஆமைக்கு யார் இருக்கிறார்கள்?

புலி கடைசிவரை வரவில்லை. முதல் பக்கத்தில் இப்போது ஒரு பெரிய பச்சைப் பொத்தான், தட்டினால் நேராகச் சாருக்கே மணி அடிக்கும். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது ஆச்சி காபியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்கள்: "தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல அந்தப் பொத்தானை மட்டும் மறைச்சு வைக்க முடியாதா?"

முடியும், இரண்டு வரி வேலை. ஆனால் சார் அவர்களுக்குப் பின்னால் நின்று வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.