போர்ச்சுகலில் தோட்டம்: பாரிமுனையைத் தாண்டுவதுதான் பாடு

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு போர்ச்சுகலில் ஆலிவ் தோட்டம் போடப் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு மொழியையும் குளிரையும் சொல்லிப் பயமுறுத்தினார்கள். ஒருத்தராவது இனிஷியலைப் பற்றி எச்சரித்திருக்கலாம்.

தொழில்முனைவோருக்கான டி2 விசாவுக்குத் திட்ட அறிக்கை எழுதியதும், அந்த ஊர் வரி எண் வாங்கியதும் சிக்கலில்லாமல் முடிந்தன. வரி எண்ணுக்கு அங்கே ஒரு பிரதிநிதி இருந்தால் போதும், இங்கே உட்கார்ந்தபடியே வந்துவிடும்.

பாடு தொடங்கியது என் பெயரில். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர். டிகிரியில் முன்னால் ஓர் எழுத்து, பி.எஃப். கணக்கில் அதே எழுத்து பின்னால். பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. வியாசர்பாடியில் யாரைக் கேட்டாலும் எல்லாம் நான்தான் என்பார்கள். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆதார் பெயரோடு பொருந்தவில்லை என்று பி.எஃப். பணம் நிராகரிக்கப்பட்டது. என் கணக்கில் அதைத் திருத்தப் பழைய கம்பெனி ஒப்புதல் தர வேண்டியிருந்தது. "மெயில் போடுங்க சார், பார்க்கிறோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். அதுவரைதான் எச்.ஆர். போனை எடுப்பார்.

சரி, "எல்லாப் பெயரும் ஒருவரே" என்று பிரமாணப் பத்திரம் போடலாம் என்று பாரிமுனைக்கு, ஹைகோர்ட் எதிரே போனேன். நோட்டரியின் ஜூனியர், "எல்லா நாட்டுக்கும் இது ஓடும்ணே" என்று அடித்துச் சொன்னார். ஓடவில்லை. நோட்டரி முத்திரை மட்டும் இருந்தால் அப்போஸ்டில் (நம் காகிதம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று) கிடையாது, மாநில அரசின் சான்றொப்பம் முதலில் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்காகக் கோட்டைக்கு அலைந்து முடிப்பதற்குள், அமைந்தகரை பாஸ்போர்ட் சேவை மையம் போய் வாங்கிவைத்திருந்த, குற்ற வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்றிதழின் தேதி பழசாகிவிட்டது. மறுபடி 500 ரூபாய், மறுபடி காவல் நிலையத்திலிருந்து ஆள். பெயரைச் சரிசெய்வது முதலில், போலீஸ் சான்றிதழ் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. 2012 முதல் வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு நம்மிடம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை, அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அரசுக் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய். என்னிடம் ஒருவர் ஆயிரக்கணக்கில் கேட்டார். எதெதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொன்னதும் தொகை மளமளவென்று இறங்கியது.

அப்புறம் வங்கி. எங்கள் பக்கத்துக் கிளையில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது என்றால் பிள்ளைகள் படிப்புக்குத்தான். நிலம் வாங்க என்று ஏ2 படிவத்தை நீட்டியதும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"விவசாயமா? அதுக்கு எதுக்கு சார் அவ்வளவு தூரம்? செங்குன்றம் தாண்டினா நிலம் இல்லையா?"

"இருக்கு சார். இது முடிவாயிடுச்சு."

"அப்போ பட்டா, சிட்டா கொண்டாங்க."

போர்ச்சுகல் நிலத்துக்குப் பட்டா! அந்த ஊர் வரி அலுவலகம் தரும் சொத்துப் பதிவையும், விற்பவரோடு போட்ட ஒப்பந்தத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்த பிறகுதான் படிவம் நகர்ந்தது. ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரியும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள் என்பதுதான் வயிற்றில் அடிக்கும். (2025 ஏப்ரலுக்கு முன் வரம்பு 7 லட்சம்.) கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழியும், மிச்சம் திரும்பவும் வரும். ஆனால் முன்பணம் கட்ட வேண்டிய நேரத்தில் அது கையில் இருக்காது. வரம்பு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனி என்பதால் நாங்கள் பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் அனுப்பினோம். மனைவி பெயரிலும் தனியாக அனுப்பினோம், அவருக்கும் தனி வரம்பு உண்டு. இதை எந்த அதிகாரியும் சொல்லவில்லை. சட்டத்தைப் படித்துக் கண்டுபிடித்தது மனைவிதான், அந்தப் பெருமை வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிலத்தில் மூன்றே எச்சரிக்கை. 'ரூஸ்டிகோ', அதாவது விவசாய நிலம், என்று பதிவான இடம் மலிவாகக் கிடைக்கும், அதில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. டி.டி.சி.பி. அப்ரூவல் இல்லாத மனை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருக்க டவுனில் வாடகை வீடு பார்த்தோம். சின்ன நிலமாக இருந்தால், அதை வாங்கும் முன்னுரிமை பக்கத்து நிலத்துக்காரருக்கு இருக்கலாம். அவர் வேண்டாம் என்று எழுதித் தந்தாரா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். தக்கை தரும் ஓக் மரம் நிலத்தில் நின்றால் அது உங்களுடையதுதான், ஆனால் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது.

அந்த வங்கி அதிகாரி கிண்டலாகக் கேட்டதில் ஒரு விஷயம் இருந்தது. வெளிநாட்டில் குடியேறிய பிறகு என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஏற்கெனவே வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். திருவள்ளூர் பக்கம் ஒரு துண்டு வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே பத்திரம் முடித்துவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது அம்மா முருங்கை விதைப் பொட்டலத்தைத் துணிக்குள் செருகியிருந்தார். 2019 டிசம்பர் முதல், பயிர் நலச் சான்றிதழ் இல்லாத விதை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகக் கூடாது. எடுத்துவிட்டேன். தேங்காய்க்குத் தடையில்லை, இரண்டு வைத்தோம்.