நாளையண்டைக்கு வருகிற களைப்பு

எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மோட்டர் இல்லை, வாளியும் கயிறும்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை உடம்பு கொஞ்சம் லேசாக இருந்ததால் ஊறப்போட்டிருந்த இரண்டு படுக்கை விரிப்பையும் நானே தண்ணீர் அள்ளி அலசிக் காயப்போட்டேன். அன்று ஒன்றுமில்லை. ஞாயிறும் பரவாயில்லை. திங்கள் காலை தலை இழுக்கச் சீப்பை எடுத்தால் கை மேலே போகவில்லை, தொண்டை நோ, வெளிச்சம் பட்டால் கண் கூசுது, அம்மா கேட்டதற்குப் பதில் தெரிந்தும் சொல் வாய்க்கு வரவில்லை. பாயை விட்டு எழும்ப ஒன்பது நாள் எடுத்தது.

இதைத்தான் நாட்பட்ட களைப்பு நோய் என்கிறார்கள். களைப்பு என்ற பெயரே இதற்குச் சரியில்லை என்பேன். வயலில் நின்றுவிட்டு வருபவரின் களைப்பு ஒரு நித்திரையோடு போய்விடும். இது நித்திரை கொண்டு எழும்பினாலும் அப்படியே கிடக்கும். செய்த வேலைக்கு உடம்பு 12 மணித்தியாலம், சில வேளை இரண்டு நாள் கழித்துக்கூட விழுந்து போவதுதான் இதன் அடையாளம். பலருக்கு ஏதோ ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குகிறது, எனக்கும் அப்படித்தான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் இந்தப் பெயர் வைப்பார்கள். இதைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனை ஒன்றும் இன்னும் இல்லை. அதனால் ரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு, சிறுநீரகம் எல்லாம் முதலில் பார்த்துக் கழிக்க வேண்டும், அதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

வன்னியில் இதற்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2009ஐத் தாண்டி வந்த எவர் "ஏலாமல் கிடக்குது" என்று சொன்னாலும், "கண்டதையும் யோசிக்காதை பிள்ளை" என்பதுதான் பதில். யோசனை இல்லாத வீடு இங்கே ஏது? ஆனால் மனதில் பாரம் இருப்பதால் உடம்பில் நோயே இல்லை என்று ஆகிவிடாதே. உலக சுகாதார நிறுவனம் 1969இலேயே இதை நரம்பு மண்டல நோய்களோடு சேர்த்துவிட்டது. எனக்கோ ஒரு கிளினிக்கில் தினமும் நடையைக் கூட்டச் சொன்னார்கள், நானும் நம்பி மூன்று கிழமை நடந்து, முன்பு குசினி வரைக்கும் போகக்கூடியவள் படுக்கையோடு போனேன். அந்த அறிவுரைக்கும் ஒரு மூலம் உண்டு: படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் ஓரளவு முன்னேற்றம் கிடைக்கும் என்று 2011இல் இங்கிலாந்தில் வந்த பேஸ் என்ற ஆய்வு சொன்னது. அதன் கணக்கைப் பின்னால் பலர் கேள்வி கேட்டார்கள். 2021இல் அந்த நாட்டில் வைத்தியர்களுக்கு வழிகாட்டி எழுதும் நைஸ் என்ற அமைப்பே, அந்த முறையை இந்த நோயாளருக்குக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றி எழுதிவிட்டது. அந்தச் செய்தி எங்கள் பக்கம் வந்து சேரவில்லை என்பதுதான் என் கவலை.

சரி, மாற்று வைத்தியம். மாமி நூல் கட்டினா, பரியாரியார் அமுக்கராச் சூரணமும் ஒரு பற்பமும் தந்தார். அன்போடு செய்த எதையும் நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் பற்பம், செந்தூரம் என்றால் பலவற்றில் உலோகம் இருக்கிறது, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனை பேருக்கு ஏற்கெனவே சிறுநீரகம் பழுது என்று எல்லாருக்கும் தெரியும். அமுக்கராவும் சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது, தைரொயிட் மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. இந்த நோயைக் குணமாக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இன்றைக்கு இல்லை. குணமாக்குகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

எனக்கு உதவியது அளந்து செலவழிப்பதுதான். குசினிக்குள் ஒரு கதிரை போட்டிருக்கிறேன், வெங்காயம் வெட்டுவதும் அரிசி கிளைவதும் இருந்தபடிதான். கழுத்தில் விரலை வைத்து நாடியை எண்ணுவேன், கூடிப்போனால் பாதி வேலையில் விட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். நிற்கும்போது தலை சுற்றுவதற்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், அதுவும் பிரஷரும் சிறுநீரகமும் பார்த்த பிறகு. ஏலும் என்று தோன்றும் நாளில்தான் கூடுதல் கவனம், அந்தச் சனிக்கிழமை விட்ட பிழை அதுதான்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போக ஆசை. முன்னுக்கு மூன்று நாள், பின்னுக்கு ஒரு கிழமை வேலை எதுவும் வைக்கவில்லை. ஆட்டோவில் போய், அம்மனைக் கும்பிட்டு, இருட்ட முதல் திரும்புவதாகத் தம்பியோடு பேசி வைத்திருக்கிறேன்.