எங்கிட்டு இறங்குவது?

மதுரையில் வைகைக் கரையை அழகுபடுத்தும் வரைவு ஒன்றுக்காக, ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். 1889இல் திறந்த ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தின் இரு பக்கமும் தடுப்புச்சுவர், மேலே நடைபாதை, புல்தரை, வரிசையாக ராயல் பாம் என்னும் அலங்காரப் பனை மரங்கள். எல்லாம் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் நான் போட்டதுதான். ஆற்றுக்கு நீலம் நிரப்பும்போது மட்டும் கை கூசியது. வைகை அணையில் திறந்துவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் மணலும் சாக்கடையும் ஆகாயத்தாமரையும்தான். ஆனாலும் நிரப்பினேன்.

நடமாட்டத்தைக் கணக்கெடுக்க ஒரு வாரம் விடியற்காலையில் பேச்சியம்மன் படித்துறைப் பக்கம் போய் நின்றேன். படிவத்தில் மூன்றே கட்டம்: நடைப்பயிற்சி, ஓய்வு, பிற. முதல் நாளே 'பிற' நிரம்பிவிட்டது. திதி கொடுக்க வந்தவர்கள், மாடு ஓட்டி வந்தவர்கள், துணி வெளுப்பவர்கள்.

வெளுக்கிற பெரியவர் ஒருவரிடம் படத்தை அவருடைய டிவிஎஸ் வண்டி சீட்டிலேயே விரித்துக் காட்டினேன். பின்னால் ஆள் உயரத்துக்கு அழுக்கு மூட்டை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்கிட்டு எறங்குறது?"

படிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"மூட்டையோட வண்டி படியில எறங்குமா?"

சரிவுப்பாதையும் ஒன்று வரைந்திருந்தேன். ஆனால் பைக் நுழையக் கூடாதென்று அதன் வாயிலிலேயே இரும்புக் குழாய் நட்டு வைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கரையிலிருந்து வேடிக்கை பார்க்கும் ஆளுக்காகவே அத்தனையும் வரைந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. துறை என்றாலே இறங்குமிடம். சித்திரையில் அழகரே ஆற்றில் இறங்கத்தான் செய்கிறார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை! வையைத் துறையைச் சங்கப் பாடல்கள் 'திருமருத முன்துறை' என்கின்றன, மருத மரம் நிற்கும் துறை. அங்கே போய் லாரித் தண்ணீர் குடிக்கும் பாம் மரத்தை வைக்கப் பார்த்தேன். அப்புறம் அதை நீர்மருதாக மாற்றினேன். ஒப்புதல் வாங்குவது பெரிய சண்டையாக இல்லை, கன்று விலை குறைவு.

சரிவுப்பாதைதான் இழுத்தடித்தது. டேப்பை எடுத்துப்போய் வண்டியையும் மூட்டையையும் சேர்த்து அளந்தேன். குழாய்களை எடுத்துவிட்டு, பாதை இறங்கும் இடத்தில் வெளுப்புக் கற்களைச் சின்னச் சின்னச் சதுரமாகக் குறித்தேன்.

கூட்டத்தில் எங்கள் தலைமை வடிவமைப்பாளர் அந்தச் சதுரங்களில் பேனாவை வைத்தார்.

"இது என்னப்பா, பெஞ்சா?"