வாகனத்துக்குள் வாகனம்

எலி கடித்துக் கார் படுத்துவிட்டது. வயரிங்குக்கு நாலாயிரத்துச் சொச்சம் தண்டம். ஊரில் யார் காரை வேண்டுமானாலும் எலி கடிக்கலாம். என் மாமனாரின் வேகன்-ஆர் காரைக் கடித்துவிட்டது என்பதுதான் நங்கநல்லூருக்கே செய்தி.

மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், மாமியாரை அத்தை என்று. மாமா அந்தக் காரை எப்படி வைத்திருப்பார் என்று சொல்ல வேண்டும். டயரில் காற்று குறைந்தால் மைலேஜ் போச்சு என்பது அவருக்கு வேதவாக்கு. சரிதான். ஆனால் ஓடிச் சூடான டயரில் காற்றின் அளவு கூடுதலாகக் காட்டும், ஆறின டயரில்தான் பிடிக்க வேண்டும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கே பங்க்குக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்துப் பங்க்கில் காற்று மெஷின் நிரந்தர ரிப்பேர். அடுத்த பங்க்குக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். அது ஆறும்வரை பிளாஸ்கில் கொண்டுபோன காபியைக் குடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். பங்க்கில் காற்று இலவசம், குடிதண்ணீர் இலவசம், கழிப்பறை இலவசம், எல்லாம் விதிப்படி நமக்குச் சேரவேண்டியது என்று மூன்றையும் விடாமல் பெற்றுக்கொண்டுதான் வீடு திரும்புவார். காற்றடிக்கும் பையன் வால்வு மூடியைத் தொலைப்பான் என்று உபரி மூடிகளை ஒரு பழைய விபூதி டப்பாவில் வேறு வைத்திருக்கிறார்.

அதற்காக, சொல்வதையெல்லாம் நம்புகிற ஆசாமி என்று நினைக்கக் கூடாது. காலையில் பெட்ரோல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், அதே காசுக்குக் கூடுதலாக வரும் என்று வாக்கிங் நண்பர் ஒருவர் சொன்னபோது, "டாங்க் பூமிக்கடியில இருக்குய்யா, அதுக்கு ஏது காலை, சாயங்காலம்?" என்று மடக்கிவிட்டார். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க வைப்பார். அதையே இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றலாமே என்று என் வீட்டுக்காரர், இவர், ஒருதரம் கேட்கப்போய், ஏ.சி. உள்ளே இருக்கிற செம்பையும் அலுமினியத்தையும் தொட்டு வருகிற தண்ணீர் பாட்டரியைக் கெடுத்துவிடும், டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்று அரைமணி நேர வகுப்பு நடந்தது. இவ்வளவும் தெரிந்த மனிதர், பெட்ரோலை மட்டும் 500-க்குப் போடாமல் 510-க்குப் போடுவார். ஏனென்று கேட்டால் பதில் வராது.

கரண்ட் கணக்கு தனி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது எங்கள் வீட்டில் லட்சுமணன் போட்ட கோடு. அதைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கு இருக்கிற சலுகை போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும். அதனால் ரீடிங் எடுக்க ஆள் வருகிற வாரத்தில் மாமா மீட்டர் பெட்டிக்கு முன்னாலேயே நாற்காலி போட்டுவிடுவார். அயர்ன் பாக்ஸ் கண்ணில் படாது. மாவு அரைக்க வேண்டும் என்றால் அத்தை மனுப் போட வேண்டும். போன தடவை 497-ல் நின்றது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பிரகாசத்துக்கு மூன்று யூனிட் ஆகியிருக்கும். நான் கசங்கின சுடிதாரோடு ஆபீஸ் போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

எலிக்கு வருகிறேன்.

ஒரே ஒரு வேலைக்காகக் காரை எடுக்கக் கூடாது என்பது மாமா சட்டம். கல்யாணத்துக்குப் போனால் வழியில் மாவு மில், மில்லிலிருந்து பாங்க், பாங்க்கிலிருந்து சின்னவனுக்கு முடிவெட்டு என்று நாலு சேர்ந்தால்தான் சாவி கைக்கு வரும். நாலு சேருகிறவரை கார் உறை போர்த்திக்கொண்டு போர்ட்டிகோவில் தூங்கும். இருட்டு, கதகதப்பு, தொந்தரவு செய்ய ஆள் கிடையாது. எலிக்கு வேறு என்ன வேண்டும்? வாடகைகூடக் கிடையாது.

மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் மேலே, ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில், அழகான கூடு. கார் துடைக்கவென்று மாமா சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்த பழைய பனியன் துணிதான் மெத்தை. அலசி, காயவைத்து, கிலோவுக்குப் போடச் சேர்த்து வைத்திருந்த பால் கவர்களின் துண்டுகள் நாலு பக்கமும் சுவர். நடுவில் சன்னமாகக் கிழித்துப் போட்ட காகிதம். மெக்கானிக் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நீல மையில், மாமாவின் பொடி எழுத்தில், "லி.க்கு 16.2" என்று இருந்தது. டேஷ்போர்டில் வைத்திருந்த மைலேஜ் நோட்டு! மாமா அந்தத் துண்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதுவும் பேசவில்லை.

மருந்து வைக்கலாம் என்று மெக்கானிக் சொன்னதும் அத்தை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். "பிள்ளையார் வாகனத்தை விஷம் வெச்சுக் கொல்றதா? அதுவும் நம்ம வாகனத்துக்குள்ள வெச்சு?" மருந்து தள்ளுபடி. இன்ஷூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். ஐந்து வருஷமாக எதுவும் கேட்காமல் காத்துவந்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் என்கிற பிரீமியத் தள்ளுபடி போய்விடும் என்று மாமா பதறிவிட்டார். பழைய காருக்கு பிரீமியமே கொஞ்சம், அதில் பாதி எவ்வளவு வந்துவிடப்போகிறது என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கடைசியில் மெக்கானிக் சொன்னது புகையிலை. துணியில் முடிந்து எஞ்சின் பக்கம் சூடு படாத இடமாகக் கட்டினால் வாடைக்கு எலி அண்டாதாம்.

பாக்குகூடப் போடாத மனிதர் பெட்டிக்கடையில் நின்று, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திப் புகையிலை கேட்டிருக்கிறார். தாழ்த்தினது போதவில்லை. வாக்கிங் கோஷ்டியில் பாதிப்பேர் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் வீடு வந்து சேருமுன் சேதி வந்துவிட்டது. "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்று அத்தை வாசலிலேயே ஆரம்பித்தார். காருக்கு என்று புரியவைக்க ஒரு டம்ளர் காபி ஆறிப்போனது. அப்புறம் அத்தையே பழைய ரவிக்கைத் துணியில் குட்டிக் குட்டிப் பைகள் தைத்துக் கொடுத்தார்.

எலி போனதோ இல்லையோ, காருக்குள் வாடை வந்துவிட்டது. ஏ.சி. போட்டால் குப்பென்று அடிக்கிறது. போன வாரம் தஞ்சாவூரிலிருந்து வந்த என் அம்மாவைத் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து இவர்தான் அழைத்துவந்தார். வழியெல்லாம் அம்மா பேசவே இல்லையாம். வந்ததும் என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "எத்தனை நாளாடி?" என்றாள்.

"என்னம்மா?"

"மாப்பிள்ளைதான். மறைக்காதே. கார் பூரா அடிக்குது."

எலிக்காக வைத்தது என்று நானும் சொன்னேன், அத்தையும் சொன்னார். "காருக்கு எங்கேயாவது புகையிலை போடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். ஊருக்குத் திரும்பின பிறகு, போன் பண்ணும்போதெல்லாம் அவள் தெருவில் யாருக்கோ வாயில் புண் வந்த கதை சொல்கிறாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, இவர் காதில் விழும்படி.

இன்னொன்றும் மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். காரைச் சும்மா நிறுத்தாதீர்கள், தினம் கொஞ்சமாவது ஓட்டுங்கள், பாட்டரிக்கும் நல்லது. ஆகவே இப்போது தினம் சாயங்காலம் மாமா காரை எடுக்கிறார், ஆஞ்சநேயர் கோயில்வரை. நடந்தால் கால் மணி நேரம்தான். அத்தைக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து அந்தக் கால் மணி நேரமும் முடியாமல் கோயிலே நின்றுபோயிருந்தது. ஆட்டோவுக்குக் காசு தரமாட்டார் என்று இல்லை, அத்தைதான் கேட்கமாட்டார். இப்போது ஐந்தரைக்கே தலையில் பூ வைத்து முன் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். வரும் வழியில் காய்கறி, பேரனுக்கு வேர்க்கடலை. சனிக்கிழமை பெசன்ட் நகர் பீச்சுவரைக்கும் போய்விட்டு எட்டு மணிக்கு வந்தார்கள். எலிக்கு அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டுமா என்று இவர் கேட்டதற்கு, "எஞ்சின் நல்லா சூடாகணும்டா" என்று பதில்.

மைலேஜுக்குப் புது நோட்டு போட்டாகிவிட்டது. இந்த சாயங்காலப் பெட்ரோலை மட்டும் அதில் சேர்ப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் "எலிச் செலவு" என்று தனித் தலைப்பு போட்டு எழுதிவருகிறார்.